குழவிக்கல் மாமன்

மத்திகிரி சர்க்கார் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த மதுரைவீரனுக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளை எப்படி வருகிறான் என்று நாலு வருஷம் பொறுத்துப் பார்த்திருக்கலாம். ஆள் என்னவோ ஆறடி. மீசையை நீவிவிட்டால் பாதிக் கன்னம் மறைந்துவிடும். எந்த முரட்டுக் காளையானாலும் மூக்கணாங்கயிற்றில் இரண்டு விரலைப் போட்டு நிறுத்திவிடுவார். மற்ற ஆட்களெல்லாம் சுவரேறி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் காளையோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருப்பார். மைசூர்ச் சீமையிலிருந்து வந்த மாட்டுக்குத் தமிழ் எப்படிப் புரியும் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்குப் பஸ் என்றால் பயம்.

முதலில் அப்படி இல்லை. ஐம்பதாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நல்ல நெரிசல். நடுவில் நின்றிருந்தவருக்கு, ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை சில்லிட்டது. காது அடைத்தது. மூச்சு பாதி வழியில் நின்றது. 'சரி, நம்ம கதை இன்னையோட முடிஞ்சது' என்று நினைத்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குதித்து இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று எண்ணிக்கொண்டு நடந்தே வீடு வந்தார் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பஸ் ஏறுவதை விட்டார். அடுத்து அந்தப் படபடப்பு சந்தையில் வந்தது. சந்தைக்குப் போவதை விட்டார். ஓசூர்த் தேர்க் கூட்டத்தில் வந்தது. சாமியை வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார். ஒரு நாள் நாவிதர் முன்னால் உட்கார்ந்து, பாதி முகம் மழித்தான பிறகு வந்தது. கத்தி கழுத்தில் இருக்கும்போது எழுந்து ஓட முடியாதே என்று நினைத்ததுதான் தாமதம், சோப்பு நுரையோடு எழுந்து ஓடியே விட்டார். ஒரு கன்னம் வழவழ, இன்னொரு கன்னம் முள்ளு முள்ளாக வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து அவர் சம்சாரம் மாரம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் மீதிக் கன்னத்தை அவளே மழித்துவிட்டாள். அன்றிலிருந்து அதுவும் அவள் வேலையாகிவிட்டது.

தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் பண்ணை மாட்டு டாக்டரே இரக்கப்பட்டு, மாடுகளுக்கு வைக்கும் குழாயை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். "காளை நெஞ்சுய்யா ஒனக்கு. ஒரு கோளாறும் இல்ல. வெறும் பயம்" என்றார். வெறும் பயமாம்! பட்டவனுக்கல்லவா தெரியும்! ஏழு வருஷத்தில் மதுரைவீரனுடைய உலகம் குடியிருப்பு வாசலில் தொடங்கி மாட்டுக் கொட்டகையில் முடிந்துபோயிற்று.

இது அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஒரே தங்கை, சாந்தம்மா. மலைக்குள்ளே அஞ்செட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் பாப்பம்மா பெரிய மனுஷியானபோது, பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டிக் கொடுக்க வேண்டிய தாய்மாமன் இவர்தான். புதுத் துணியும் சீர்த் தட்டுமாகக் கிளம்பிப்போய் ரோட்டில் நின்றார். பஸ் வந்தது. கால் எழவில்லை. பஸ் போய்விட்டது. வயிற்றால் போகிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அங்கே சாந்தம்மா மத்தியானம் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் தலையில் ஒரு சிவப்புத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, மாமன் உட்கார வேண்டிய மணையில் நிறுத்தினாள். "இதாங்க எங்கண்ணன். தூக்கியாந்தா வந்துரும். வயித்தால போகாது" என்றாள். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பந்தியில் அந்தக் கல்லுக்கும் ஓர் இலை போட்டுச் சோறு வைத்தாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வாயில் மதுரைவீரனுக்குக் 'குழவிக்கல் மாமன்' என்ற பேர் நின்றுவிட்டது. அவர் காதுக்கும் அது வந்தது. வந்த அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

நாலு வருஷம் கழித்து, ஐம்பத்தேழு தை மாதம், சாந்தம்மா நேரில் வந்து நின்றாள். உட்காரவில்லை. மாரம்மா கொடுத்த மோரையும் வாங்கவில்லை.

"மாசியில பாப்பம்மாவுக்குக் கல்யாணம். பொண்ண மணவறைக்குத் தூக்கிக்கினு போறது மாமன். நீ வர்றியா, இல்ல கல்லத் தொடச்சி வெக்கட்டுமா?"

"சாந்தா, எனக்கு ஒடம்பு..."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாராம். கல்லு எல்லாம் செய்யுதுண்ணா. பேசாம ஒக்காருது, போட்டதத் திங்குது. பொண்ணத் தூக்கத்தான் அதுக்குத் தெரியல." இதுவரை கேலியாக இருந்த குரல் சட்டென்று உடைந்தது. "எனக்குப் பொறந்த வூடுன்னு நீ ஒருத்தன்தான். இந்தத் தடவயும் வரலன்னா, எனக்கு அண்ணன் இல்லன்னே நெனச்சிக்கிறேன்."

வந்த சூடு கூட ஆறவில்லை, போய்விட்டாள். மதுரைவீரன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்தது. போக வேண்டும் என்று உயிர் துடித்தது. பஸ்ஸை நினைத்தால் அதே உயிர் போகிற மாதிரி இருந்தது.

மறுநாள் பண்ணையில் ஒரு கூத்து. கெம்பி என்று ஒரு சிவப்புக் கிடாரி. வாரா வாரம் மாடுகளை எடை போடுவார்கள். எடை மேடைக்குப் போக ஒரு மரப்பலகை மேல் நடக்க வேண்டும். போன வாரம் கெம்பி கால் வைத்தபோது பலகை 'தடால்' என்று சத்தம் போட, மிரண்டுவிட்டது. அதைப் பழக்கும் வேலை, உத்தனப்பள்ளியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஆஞ்சப்பனுடையது. ஆஞ்சப்பன் மூன்று பிள்ளை பெற்றவர், இளகிய மனசு. கெம்பி நடுங்க ஆரம்பித்த உடனே, "ஐயோ பாவம்" என்று திருப்பிக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கும் கெம்பி தலையை உதற, ஆஞ்சப்பன் கயிற்றைத் திருப்ப, மதுரைவீரனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"யோவ் ஆஞ்சப்பா! ஒனக்கு மாட்டு வேல குடுத்தது யாருய்யா? மெரண்ட மாட்டத் திருப்பலாமா?"

"நடுங்குதுண்ணா. பாத்தாப் பாவமா இருக்குது."

"நடுங்கட்டுமே! நடுங்குனா செத்தா போயிரும்? மெரண்டப்போ திருப்புனீன்னா, திரும்புனதாலதான் பொழச்சோம்னு அது நெனச்சிக்கும். முந்தாநாளு பலகைகிட்ட நின்னுச்சா? நேத்து வேப்பமரத்தாண்டயே நின்னுருச்சா? இன்னிக்குக் கொட்டகைய வுட்டே வரமாட்டேங்குது. நாளைக்கு மொளைய வுட்டு எழுந்திருக்காது. இழுக்காத, அடிக்காத. ஆனா திருப்பாத. கயித்தத் தளர வுட்டுட்டுக் கூட நில்லு. அது நடுங்கி முடிக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு அடி எடுத்து வெக்கட்டும். அவ்வளவுதான் சமாச்சாரம்!"

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். களிச் சட்டியோடு மாரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம் மாமா, இத எந்த மாட்டுக்குச் சொன்ன?"

"கெம்பிக்குத்தான்."

"நான் வேற ஒரு மாட்டுக்குன்னு நெனச்சேன். ஏழு வருசமா ஒன்னத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கினு வந்து கொட்டாயில கட்டுனது யாரு? நாந்தான். ஒனக்குப் பதிலா சந்தைக்குப் போனேன், மொகம் மழிச்சி வுட்டேன், கேக்குறவங்ககிட்ட எல்லாம் வயித்தால போகுதுன்னு பொய் சொன்னேன். ஆஞ்சப்பண்ணன் மாதிரி நானும் பாவம் பாத்தேன்!"

ஆஞ்சப்பன் சிரிப்பை அடக்கத் தலைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மதுரைவீரனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "களியும் வேணாம், ஒண்ணும் வேணாம், போ" என்று முறுக்கிக்கொண்டு கெம்பியின் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். தாடையைச் சொறிந்துகொடுத்தார். நாக்கை அண்ணத்தில் தட்டி, 'ச்சொ ச்சொ' என்று சத்தம் எழுப்பி, "மெல்லகெ, மெல்லகெ" என்று கன்னடத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு அதன் கூடவே நின்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கெம்பி நடுங்கியது, மூத்திரம் பெய்தது, பெருமூச்சு விட்டது. ஒவ்வோர் அடியாக நகர்ந்து பலகை வரை வந்து, பிறகு தானே ஒரு காலை அதில் வைத்தது. மேடை மேல் ஏறி நின்றபோதும் அதன் தோல் சிலிர்த்துக்கொண்டுதான் இருந்தது. எடை முள் கூட நிற்காமல் ஆடியது. ஆனாலும் எடை போட்டாகிவிட்டது. மதுரைவீரன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய், ஆறிப்போன களியைச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ரோட்டுக்குப் போனார். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தார். நெஞ்சு அடித்தது. மற்றக் காலையும் வைத்தார். கண்டக்டர் விசில் ஊதப் போகும் நேரத்தில் இறங்கிவிட்டார். "ஏறுறியா, எறங்குறியா? இது என்னா ஊஞ்சலா?" என்று கண்டக்டர் கத்தினார். கத்தட்டும். ஓர் அடி வைத்தாயிற்று. மூன்றாம் நாள் அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய், திரும்பி நடந்து வந்தார். அடுத்த வாரம் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தார். வியர்வையும் சோப்பு நுரையும் கலந்து மார்பில் வழிந்தது. "வீரண்ணா, நடுங்காதண்ணா, எனக்குக் கை நடுங்குது" என்று நாவிதர் கெஞ்சினார். இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வழவழவென்று வீடு திரும்பியவரைப் பார்த்து மாரம்மா, "யாரு இது, புது மாப்பிள்ள?" என்று கதவில் சாய்ந்துகொண்டாள்.

அப்படியே நேராகப் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓசூர்ச் சந்தைக்குப் போனார். மிளகாய்க் கடை முன்னால் அது வந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்காக வந்தது. வாங்கிய மிளகாயைக் கூடப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தவர், வீட்டுக்கு வந்துதான் நின்றார்.

"முடியாது மாரம்மா. இத்தன நாளு பழகியும் அது போகலியே!"

"எது போகல?"

"பயம்."

"கெம்பிக்குப் போயிருச்சா?"

நேற்றுக் கூட எடை மேடையில் கெம்பி நடுங்கிக்கொண்டுதான் நின்றது. வாரா வாரம் நடுங்குகிறது. வாரா வாரம் ஏறுகிறது. நடுங்குவதை நிறுத்திவிட்டு வா என்று அவர் அதனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. தன்னிடம் மட்டும்தான் அந்தக் கட்டளை. பயம் போன பிறகு பஸ் ஏறலாம், பயம் போன பிறகு தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று ஏழு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். 'அட கூறுகெட்டவனே!' என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியதில் கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது. மறுநாள் அதே மிளகாய்க் கடைக்குப் போய் நின்று, விட்டுவந்த மிளகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். அஞ்செட்டிக்குக் காலையில் போவது ஒரே பஸ். ஆளும் கோழியும் மூட்டையுமாக மூச்சு முட்டக் கூட்டம். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டு வழி ஆரம்பித்ததும் அது வந்துவிட்டது. மதுரைவீரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தன்னையறியாமல் தன் நெஞ்சுக்கே, 'ச்சொ ச்சொ... மெல்லகெ, மெல்லகெ' என்று சொல்ல ஆரம்பித்தார்.

முன் சீட்டில் கோழிக் கூடையோடு இருந்த வெங்கடம்மாள் என்கிற பெரிய உடம்புக்காரி விருட்டென்று திரும்பினாள். "ஏய்யா, மீசைய வெச்சிக்கினு யாரப் பாத்து ச்சொ ச்சொங்கிற? பக்கத்துல பொண்டாட்டிய வெச்சிக்கினே இந்த வேலையா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மதுரைவீரனுக்கு முகம் இருண்டுவிட்டது. ஏழு வருஷம் மூடி மூடி வைத்ததை அப்படியே போட்டு உடைத்தார். "ஒன்னப் பாத்து இல்லம்மா. எனக்குப் பஸ்ஸுன்னா பயம். நெஞ்சு மாடு மாதிரி மெரளுது. அதத்தான் தட்டிக் குடுக்கறேன்!"

சிரித்தார்கள் பாருங்கள், கூடையில் இருந்த கோழி கூடக் கத்தியது. வெங்கடம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "அட போய்யா! எனக்கும்தான், இந்தக் காட்டுல ஆனை வாசன அடிச்சா கை காலு ஓடாது. வாரா வாரம் கோழி விக்க வர்றேன், வாரா வாரம் பயந்துக்கினுதான் வர்றேன். இந்தா, வெத்தல போடு" என்று நீட்டினாள். தன்னை மாதிரி இன்னோர் உயிர் இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே மதுரைவீரனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலை ஏற்றத்தில் பஸ் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் ஊற்ற இறங்கினார். ஜனங்களும் இறங்கிக் காலை நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா, காலையில் அஞ்செட்டியிலிருந்து கிளம்பிய பஸ் எதிரே வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்! பாதிக்கு மேல் காலி. "கோட்டை, மத்திகிரி, ஓசூரு! ஏறு, ஏறு!" என்று கண்டக்டர் கூவினார்.

இருபது மைல் தூரத்தில் இருந்த வீடு, அவருக்கு நாலே அடியில் வந்து நின்றது. நெஞ்சு தொண்டைக்கு ஏறியது. அந்தப் படியில் ஒரு கால் வைத்தால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வலது கால் ஓர் அடி நகர்ந்தே விட்டது. மாரம்மா பார்த்தாள். கையைப் பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. இழுக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது என்று அவர் சொன்னதுதானே.

மதுரைவீரன் நின்றார். ஒன்றும் செய்யாமல் வெறுமனே நின்று நடுங்கினார். எதிர் பஸ் உறுமியது, கிளம்பியது, வளைவில் திரும்பி மறைந்தது. அவர் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தம் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான்.

அஞ்செட்டியில் பந்தலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது குழவிக்கல். சிவப்புத் தலைப்பாகையோடு, மணவறைக்குப் பக்கத்தில் ஜம்மென்று நின்றிருந்தது. அண்ணனைப் பார்த்த சாந்தம்மா அப்படியே திகைத்து நின்றுவிட்டாள். ஆனாலும் வீறாப்பு விடவில்லை. "வந்துட்டியா? சரி. காலையில முகூர்த்தத்துக்கு முன்ன ஓடமாட்டேன்னு என்ன நிச்சயம்? கல்லு அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

காலையில் மேளம் காதைக் கிழித்தது. மூன்று ஊர் ஜனம் பந்தலில். ஓட வழியே இல்லை. மதுரைவீரனுக்குக் கண் மங்கியது, கால் தள்ளாடியது. வரட்டும் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து பாப்பம்மாவை இரண்டு கையாலும் தூக்கினார். ஐந்து வயசில் தூக்கியது. இப்போது நல்ல கனம்.

மார்போடு சாய்ந்திருந்த பெண் மெதுவாகக் கேட்டாள். "மாமா, ஒங்க நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்குது."

"எனக்கும் கேக்குது கண்ணு. நீ கெட்டியாப் புடிச்சிக்க."

மணவறை வரைக்கும் இருபது அடி. ஒவ்வோர் அடியாக நடுங்கி நடுங்கி நடந்தார். மணையில் பெண்ணை இறக்கி உட்கார வைத்தபோது, சாந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் அவள் நாலு வருஷம் காத்திருந்தாள்.

முதல் பந்தியில் மாமனுக்குத் தலைவாழை இலை. அவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத இன்னோர் இலை. எதற்கும் இருக்கட்டும் என்று குழவிக்காக அவள் காலையிலேயே போட்டு வைத்தது. சாந்தம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அதை எடுக்கக் குனிந்தாள்.

"இருக்கட்டும், வுடு."

"இனிமே கல்லுக்கு எதுக்குண்ணா எல? நீதான் வந்துட்டியே. பயமும் போயிருச்சி."

"போயிருச்சின்னு யாரு சொன்னது? அதுவும்தான் கூட வந்திருக்குது. மத்திகிரியிலருந்து ஒரே சீட்டுல ஒக்காந்துக்கினு வந்தோம். டிக்கெட்டு மட்டும்தான் அதுக்கு எடுக்கல." பக்கத்து இலையைத் தட்டிக் காட்டினார். "அதுக்கும் ஒரு கரண்டி பாயசம் ஊத்து."

சாந்தம்மா அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டே இரண்டு இலையிலும் ஊற்றினாள். இரண்டையும் அவரே வழித்துச் சாப்பிட்டார்.